வண்டியோடு அடுத்த பேட்டரிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள்

மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்களுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களுக்கும் வணக்கம்.

இணைப்புச் சக்கர (சைடு வீல்) ஸ்கூட்டர், பேட்டரி மூன்று சக்கர வண்டி, பேட்டரி சக்கர நாற்காலி ஆகியவற்றை ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் இந்த வண்டிகளின் அடுத்த கொள்முதலுக்கு ஒப்பந்தப்புள்ளி தயாரிக்கும்போது இந்த மடலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நன்றாக இருந்தால் சைடு வீல் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் என்பது வழக்கமான அளவுகோல். கைகளை மட்டும் பார்த்தால் போதாது. இடுப்புக்கு மேல் உடம்பு பிடிமானம் இல்லாமல் நிமிர்ந்து உட்காருமா என்பதையும் பார்க்க வேண்டும். சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும். சைடு வீல் வண்டி சாயாது, ஓட்டுபவரைத்தான் வெளிப்பக்கம் தள்ளும். போலியோவால் கால் மட்டும் பாதிக்கப்பட்டவர் இதைச் சமாளிப்பார். மார்பு மட்டத்தில் தண்டுவடம் அடிபட்டவருக்கு முதுகுச் சாய்மானம் இல்லாத இருக்கை ஆபத்து. அவருக்குச் சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக் கழற்றும் மோட்டார் சக்கரம் பொருந்தலாம். சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷனின் நியோபோல்ட் இந்த வகை. தெருவில் ஓட்டிப்போய், வங்கி வாசலில் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில் உள்ளே போகலாம். ஸ்கூட்டரை விட்டு இறங்கிய பிறகு எப்படி நகர்வீர்கள் என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கட்டும்.

சைடு வீல் வண்டியில் மூன்று விஷயங்களை ஒப்பந்தப்புள்ளியில் கட்டாயமாக்குங்கள். ஒன்று, ரிவர்ஸ். காலை ஊன்றிப் பின்னால் தள்ள முடியாதவருக்கு ரிவர்ஸ் இல்லாத வண்டி, நிறுத்திய இடத்தில் இன்னொருவர் வந்து இழுக்கும்வரை நிற்கும் வண்டிதான். இரண்டு, பிரேக்கைப் பிடித்தபடி பூட்டி வைக்கும் வசதி. கியர் இல்லாத ஸ்கூட்டர் சரிவில் தானாக நகரும்; ஊன்றுகோலை எடுக்கத் திரும்பும் நேரத்தில்தான் ஆள் விழுவார். மூன்று, சைடு வீல்களுக்குத் தனித்தனி ஷாக் அப்சார்பர். அசையாமல் இறுக்கிய சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி நின்றால் நடுவில் உள்ள பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. நம் ஊர் வேகத்தடைகளின் உயரம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேட்டரி வண்டியில் ஏற்றம்தான் பரீட்சை. ஆளும் வண்டியுமாக 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரும் சாய்தளத்தில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் 200 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரில் மிச்சம் அதிகமில்லை. பல கட்டடங்களில் சாய்தளம் இதைவிட இரு மடங்கு செங்குத்து. அங்கே கரண்ட் எகிறும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சூடாகி நடுவழியில் இணைப்பைத் துண்டித்துவிடும். எனவே வண்டியை ஒப்படைக்கும் முன், சாய்தளத்தின் பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்காந்த பிரேக் உள்ள வண்டியென்றால் வண்டியைக் கையால் தள்ளுவதற்காகப் பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலையும் காட்டுங்கள்: விடுவித்த நிலையில் பிரேக் வேலை செய்யாது, சரிவில் அந்த நெம்புகோலை ஒருபோதும் தொடக் கூடாது.

இனி பேட்டரி. லெட் ஆசிட் பேட்டரி ஆழமாக வடிந்து ஏறுவதை 300 முதல் 500 முறை தாங்கும்; லித்தியம் அயன் பாஸ்பேட் 2,000 முறை வரை போகும், எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தினமும் ஓட்டுபவரின் லெட் ஆசிட் பேட்டரி நம் வெயிலில் இரண்டு ஆண்டு தாண்டினால் நல்ல அதிர்ஷ்டம். புதிய பேட்டரிக்கு அட்டையில் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை நம்பித்தான் வெளியே கிளம்ப வேண்டும்.

லெட் ஆசிட் பேட்டரி கெடுவது பெரும்பாலும் ஓட்டியதால் அல்ல, வடிந்த நிலையில் கிடந்ததால். தட்டுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிட்டால் எந்தச் சார்ஜராலும் மீட்க முடியாது. வழங்கும் விழாவுக்காகக் கிடங்கில் காத்திருக்கும் வண்டிகளுக்கும் இதே கதிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டு, தேதியை வண்டியில் ஒட்டிய சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வழங்கும் நாளில், சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து, ஒவ்வொரு 12 வோல்ட் பேட்டரியையும் தனியாக, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.7 வோல்ட் இருந்தால் முழுசு; 12.2 என்றால் பாதி. வண்டியில் உள்ள இரண்டு பேட்டரிகளில் ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். பழையது புதியதையும் கெடுக்கும். லித்தியத்துக்கு மாற்றினால் சார்ஜரையும் மாற்ற வேண்டும்.

செலவைப் பற்றி. உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழு உதவி, 30,000 வரை பாதி. ஆனால் திட்டங்களின் கணக்கு பெரும்பாலும் வண்டியோடு முடிகிறது. பயனாளியின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஊனமுற்றோர் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே வண்டிக்கு மாற்று பேட்டரி தனியாக வாங்கினால் 18 சதவீதம். மாதம் சில ஆயிரம் ரூபாய் உதவித்தொகையில் வாழ்பவர் புதிய பேட்டரிக்கான பணத்தைச் சேர்க்கும்வரை வண்டி திண்ணையில் நிற்கும். ஆகவே வண்டியின் விலையிலேயே ஒரு மாற்று பேட்டரித் தொகுப்பையும் சேர்த்து ஒப்பந்தம் போடுங்கள். அதை உடனே வாங்கி அடுக்க வேண்டாம். பழையது கெட்டதும் புதிதாய்த் தயாரானதை நிறுவனம் மாவட்டத்திலேயே கொண்டுவந்து மாற்றித் தர வேண்டும், கெட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

காகித வேலையில் இரண்டு. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட, பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத, முறையாகச் சான்று பெற்ற பேட்டரி வண்டிக்குப் பதிவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். சொந்தச் செலவில் ஸ்கூட்டர் வாங்கிப் பிறகு சைடு வீல் பொருத்துபவரோ, அந்த மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) பதிய வேண்டும். பதியாவிட்டால் விபத்து நாளில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வழியுண்டு. இந்த இரண்டையும் ஒரு பக்கத் துண்டறிக்கையாக அச்சிட்டு உங்கள் அலுவலகங்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான விழுதுகள் சேவை மையங்களிலும் கொடுக்கலாம். அதே மையங்களில் ஒரு மல்டிமீட்டர், 24 வோல்ட் சார்ஜர், டியூப், பிரேக் கேபிள், ஃபியூஸ் இவ்வளவு இருந்தாலே திண்ணையில் நிற்கும் வண்டிகளில் பல மறுபடி தெருவுக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டுவோரும் பழுது பார்ப்போரும்