நையாண்டிக்கு நையாண்டியால் பதில் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவர் வரைந்த கேலிச்சித்திரம் சென்ற மாதம் சமூக வலைத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. எலக்சனுக்கு எலக்சன் வந்து வீதியை அளந்துவிட்டுப் போகும் அரசியல்வாதி ஒருவர். அவர் கையிலுள்ள அளவுநாடா வீதியை விட நீளமாகிவிட்டது. படம் அவ்வளவுதான். யாருடைய பெயரும் இல்லை, சாதி சமயத்தைத் தொடவும் இல்லை. ஆனால் கட்சி ஆதரவாளர்கள் அதன் இணைப்பை வட்ஸ்அப் குழுக்களில் போட்டு, "எல்லாரும் ரிப்போர்ட் அடியுங்கோ" என்றார்கள். முதலில் படம் போனது, அப்புறம் பக்கமே முடங்கியது. 'விதிமுறை மீறல்' என்று ஒற்றை வரி வந்தது. மேன்முறையீட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை.

தமிழ் தெரிந்த ஒரு மனிதராவது அந்தப் படத்தைப் பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி. ஆர்மீனிய இனப்படுகொலையைத் துருக்கி அரசு மறுப்பதைக் கேலி செய்த மீம் ஒன்றைப் பேஸ்புக் நீக்கியபோது, அந்த நிறுவனத்தின் மேற்பார்வைச் சபை 2021 மே மாதம் அந்த முடிவை மாற்றியது. நையாண்டியைப் பரிசீலிப்பவர்களுக்கு உள்ளூர்ப் பின்னணி தெரிந்தவர்களின் உதவியும் போதிய நேரமும் வேண்டும் என்றும் சொன்னது. தமிழில் வரும் நையாண்டிக்கும் அது கிடைக்க வேண்டும்.

பொய்ப் பதிவுகளின் ஆபத்து தெரியாமல் நான் பேசவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவரின் கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கிளப்பிய பொய்யால் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. அது நம்பவைப்பதற்காகவே பரப்பிய பொய். கேலிச்சித்திரமோ கற்பனை என்று பார்த்த உடனே தெரிவது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சட்டமும் பயத்தைக் கூட்டுகிறது. 2023 இல் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய மேடையில் பேசியதற்காகக் கைதாகி, ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அடுத்த ஆண்டே, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எங்கள் பொடியன் இப்போது வரைவதையே நிறுத்திவிட்டார். வீட்டில் பயப்படுகிறார்களாம்.

கொம்புமுறி விளையாட்டில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரு பக்கமாகப் பிரிந்து மாறிமாறி வசை பாடிய மண் இது. ஒரு பக்கம் பாடினால் மறுபக்கம் அதைவிடக் காரமாகப் பாடும். பாடியவரின் வாயை யாரும் கட்டவில்லை. கட்சிக்காரர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: படம் பிடிக்கவில்லையா, நீங்களும் ஒரு படம் போடுங்கள். கூட்டமாக ரிப்போர்ட் அடிக்கும் வேலையை, உங்கள் அமைப்பாளர்கள் வெளிப்படையாகச் சொல்லி நிறுத்த வேண்டும்.

எங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களும், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அரசியல் நையாண்டிக்குத் தெளிவான பாதுகாப்பை அந்தச் சட்டத்தில் சேர்க்கும்படி சபையில் கேட்க வேண்டும். உங்களிடமும் ஒரு கோரிக்கை: இப்படி நீக்கப்படும் படங்களுக்கு ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வரைபவர்கள் இங்கே இருக்கிறார்கள், நான் அனுப்பி வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு.