தத்துவம் படிக்க வருகிற பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்த கையோடு டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி கிளம்பும்: "பிலாசபி ஆனர்ஸ் கிடைக்கும் போலிருக்கிறது, சேர்த்துவிடலாமா?" எகனாமிக்ஸுக்கு மார்க் எட்டவில்லை, ஆனால் நல்ல கல்லூரியில் கால் வைக்கலாம் என்பதே பெரும்பாலும் காரணம். அப்படிச் சேருவதில் தப்பில்லை. இது என்ன படிப்பு என்று தெரியாமலே முதலாண்டைத் தொலைத்துவிடுகிறார்களே, அதுதான் வருத்தம். தங்கள் கல்விப் பக்கத்தில் வரும் சேர்க்கைக் குறிப்புகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கொஞ்சம் கீதை, கொஞ்சம் உபநிடதம், கொஞ்சம் சாக்ரடீஸ், எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து எழுதினால் போதும் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒருவர் ஒன்றைச் சொல்கிறார் என்றால் அதற்கு என்ன காரணம் தருகிறார், அந்தக் காரணம் அந்த முடிவைத் தாங்குமா என்று பார்ப்பதுதான் இங்கே வேலை. அதற்கான கருவி லாஜிக், அதாவது தருக்கம். முதலாண்டிலேயே வரும். பலர் விழுவதும் அங்கேதான்.

முதல் தடுக்கல் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'சரி' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலையை முடித்துவிடுகிறோம். 'எல்லா மீனும் பறக்கும். சுறா ஒரு மீன். ஆகவே சுறா பறக்கும்.' இந்த வாதம் செல்லும், அதாவது வேலிட்: முதல் இரண்டையும் ஏற்றால் முடிவை மறுக்க முடியாது. ஆனால் அதன் முதல் வாக்கியம் பொய். வாதத்தின் வடிவம் செல்லுமா என்பது ஒரு கேள்வி, வாக்கியம் உண்மையா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரிக்கப் பழகாதவர் மூன்று வருடமும் தடுமாறுவார்.

நம் ஊர் உதாரணமே எடுத்துக்கொள்வோம். 'மழை பெய்தால் மின்டோ பாலத்தடியில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நிற்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது.' கேட்கச் சரிபோலத்தான் இருக்கும். ட்ரூத் டேபிள், அதாவது வாக்கியங்கள் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைகளின் அட்டவணை, போட்டுப் பாருங்கள். வாக்கியம் இரண்டு, எனவே நான்கு வரிசை. மழை பொய், தண்ணீர் மெய் என்ற வரிசையில் முதல் கூற்றும் மெய், இரண்டாவது கூற்றும் மெய், முடிவு மட்டும் பொய். குழாய் உடைந்தும் தண்ணீர் நின்றிருக்கலாம் அல்லவா? அந்த ஒரு வரிசை போதும், வாதம் செல்லாது. வாக்கியம் மூன்றானால் 8 வரிசை, நான்கானால் 16. மெய், பொய் இரண்டையும் ஒழுங்கான வரிசையில் எழுதாமல் மனம்போன போக்கில் நிரப்பினால் ஒரு வரிசை விட்டுப்போகும். விட்டுப்போனது இந்த மாதிரி வரிசையாக இருந்தால் விடையே தலைகீழ்.

டெல்லியில் லாஜிக் என்றால் பெரும்பாலும் இர்விங் கோப்பியின் பாடநூல்தான். அதில் நிரூபணத்துக்கு 19 விதிகள். இருக்கும் வரிகளிலிருந்து புதிய வரியைப் பெறும் அனுமான விதி ஒன்பது, ஒரு கூற்றை அதற்குச் சமமான இன்னொன்றால் மாற்றும் மாற்றீட்டு விதி பத்து. மாற்றீட்டு விதியை ஒரு வரியின் பகுதிக்கும் போடலாம். அனுமான விதியை முழு வரிக்கு மட்டுமே போடவேண்டும். இதை மறப்பதால்தான் நிரூபணங்கள் உடைகின்றன. 'டிக்கெட்டும் ஐ.டி. கார்டும் இருந்தால் உள்ளே விடுவார்கள்' என்பதிலிருந்து 'டிக்கெட் இருந்தால் உள்ளே விடுவார்கள்' என்று எடுத்துவிட முடியுமா? கதவருகே யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். குறியீட்டில் எழுதியதும் கை தானாக அதைச் செய்துவிடுகிறது. இதற்கு மருந்து, தினமும் ஐந்து கணக்கு போடுவது. தேர்வுக்கு முந்தின வாரம் நூறு போட்டு ஈடுகட்ட முடியாது.

இந்தியத் தத்துவத் தாளில் நியாயம் என்ற தத்துவப் பள்ளியின் ஐந்து உறுப்பு வாதம் வரும்போது தமிழ்ப் பிள்ளைகள் சமஸ்கிருதப் பெயர்களைக் கண்டு மிரள்கிறார்கள். அவர்களிடம் மணிமேகலையின் 29ஆம் காதை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துவதுபோலவே அது போகும். இம்மலை நெருப்புடைத்து என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகையுடைத்து ஆதலால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல் என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அதன்பின், இம்மலையும் புகையுடைத்து என்பது உபநயம், ஆகவே நெருப்புடைத்து என்பது நிகமனம். நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதற்குத் தண்ணீரை எடுத்துக்காட்டுகிறார். உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்கிற பௌத்த நிலைப்பாடும் அங்கே உண்டு. அதாவது, ஐந்து வேண்டுமா மூன்று போதுமா என்று நையாயிகரும் (நியாயப் பள்ளியினரும்) பௌத்தரும் மோதிய விவகாரம் தமிழ்ச் செய்யுளிலேயே கிடைக்கிறது. பிறகு போலிகள், அதாவது சரிபோலத் தோன்றும் பிழைகள்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. இதை ஒருமுறை உரையோடு படித்தவருக்கு வகுப்பில் 'ஹேத்வாபாசம்' என்ற சொல் வந்தால், ஏதுப் போலிதானே என்று புரிந்துவிடும். பிரமாணம் என்றால் அளவை. பிரத்தியட்சம் காண்டல், அனுமானம் கருதல். சொற்கள் நம் வீட்டிலேயே இருக்கின்றன.

அடுத்தது கட்டுரை எழுதுவது. தத்துவ அறிஞர் டேக்கார்ட்டைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துக்கு எட்டுத் தாள் 'டேக்கார்ட் 1596இல் பிரான்சில் பிறந்தார்' என்றே தொடங்கும். அதற்கு ஒரு மார்க்கும் கிடையாது. 1641இல் வெளியான அவருடைய 'தியானங்கள்' என்ற நூலில் முதல் தியானம் சில பக்கங்கள்தான். அதை மூன்று தடவை படிக்கவேண்டும். முதல் தடவை கையில் பென்சில் வேண்டாம். இரண்டாம் தடவை 'ஆகவே', 'ஏனெனில்' என்று பொருள்படும் ஒவ்வொரு சொல்லையும் வட்டமிடுங்கள். மூன்றாம் தடவை காரணங்களை எண் போட்டுச் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். அப்படிச் செய்யாதவர்கள் 'வாழ்க்கையே கனவு என்றார் டேக்கார்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. விழிப்பையும் கனவையும் பிரித்தறிய உறுதியான அடையாளம் இல்லை என்கிறார், அவ்வளவே. கனவிலும் இரண்டும் மூன்றும் ஐந்துதான் என்பதால் அந்தச் சந்தேகம் கணிதத்தைத் தொடாது. கணிதத்தையும் சந்தேகிக்க வேண்டியிருப்பதால்தான் எல்லாம் வல்ல கடவுளே ஏமாற்றக்கூடுமோ என்ற ஐயத்தையும், பிறகு ஏமாற்றும் தீய ஆவியையும் கொண்டுவருகிறார். இந்தப் படிக்கட்டைக் காட்டுவதுதான் பதில். காட்டிய பிறகு, அதற்கு எதிராக இருப்பதிலேயே வலுவான ஆட்சேபத்தை வையுங்கள். எளிதில் அடித்துவிடக்கூடிய நோஞ்சான் ஆட்சேபத்தைத் தேர்ந்தெடுத்தால் திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார்.

கைடு புத்தகங்களை நம்பவேண்டாம். அவற்றில் முடிவுகள் இருக்கும், படிக்கட்டு இருக்காது. மூல நூலின் பக்கங்களைத் தொகுத்த ஜெராக்ஸ் கட்டை வாங்கிப் படிக்கத் தயங்கவும் வேண்டாம். பாடத்துக்குத் தேவையான பகுதிகளை அப்படித் தொகுத்து நகலெடுப்பதற்கு எதிராகப் பதிப்பகங்கள் போட்ட வழக்கை டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி 2016இல் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அது மீண்டும் விசாரணைக்கு அனுப்பப்பட்டாலும், 2017இல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

கல்லூரியில் சிறு குழுவாக நடக்கும் டுட்டோரியல் வகுப்பைத் தவிர்க்கும் வழக்கமும் கெடுதல். உங்கள் வாதத்தை இன்னொருவர் முகத்துக்கு நேரே மறுக்கிற இடம் அது ஒன்றுதான். பேசத் தயங்கும் நம் பிள்ளைகள் அங்கே ஒரு கேள்வியையாவது தாளில் எழுதி எடுத்துப்போனால் பேச்சு வந்துவிடும்.

வேலை பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் தத்துவம் விருப்பப் பாடம், 250 மார்க் வீதம் இரண்டு தாள். 2013 முதல் அறவியலுக்கென்று பொதுத்தாள் ஒன்று, அதற்கும் 250. சட்டப் படிப்புக்கு வாதப் பயிற்சி நேரடியாகக் கைகொடுக்கும். ஆனால் பி.ஏ. முடித்ததும் கையில் வேலை என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

டெல்லியின் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணிமேகலையின் அந்த ஒரு காதையை இரண்டு வாரம், வாரம் இரண்டு பீரியட், தருக்கப் பாடமாகவே நடத்துங்கள். செய்யுள் நயமும் இலக்கணக் குறிப்பும் பிறகு இருக்கட்டும். ஒவ்வொரு போலிக்கும் அன்றைய செய்தித்தாளிலிருந்து ஓர் உதாரணம் பிள்ளைகளே தேடிக்கொண்டு வரட்டும். தங்கள் கல்விப் பக்கமும் வாரம் ஒரு போலியை வெளியிட்டால் 33 வாரத்துக்கு வரும்.

இப்படிக்கு,
தத்துவ ஆசிரியர் ஒருவர்,
மயூர் விஹார், டெல்லி