முதல் பன்றி சாகும்போதே சொல்ல வையுங்கள்: கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறையின் மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டந்தோறும் களத்தில் நிற்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நான் வெண்பன்றி வளர்க்கிறேன். இந்த மடல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றியது. 2020-ல் அசாம், அருணாச்சலம் வழியாக இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்த நோய், 2022 ஜூலையில் வயநாட்டில் மானந்தவாடி அருகே ஒரு பண்ணையில் உறுதியானது. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றிகளிலும் அதே வைரஸ்தான் இருந்தது. 2024 அக்டோபரில் இலங்கையிலும் உறுதி செய்தார்கள். எங்கள் பண்ணைகளுக்குள் வருமா வராதா என்று இனிமேல் பேசிப் பயனில்லை. வந்தால் ஒரு கொட்டகையோடு நிற்குமா, மாவட்டத்தையே காலி செய்துவிட்டுப் போகுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதல் பன்றி செத்த அன்று வளர்ப்பவர் யாருக்குப் போன் போடுகிறார், மருத்துவருக்கா வியாபாரிக்கா என்பதில்தான் அது இருக்கிறது.

அவர் மருத்துவருக்குப் போன் போடும்படி செய்யுங்கள். இந்த மடல் முழுக்க நான் கேட்பது அதைத்தான்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், ஆனால் வளர்ப்பவர்கள் பலருக்கு இது தெளிவாகத் தெரியாது. இந்த வைரஸ் காற்றில் வெகுதூரம் போகாது. மாடு, பன்றிகளுக்கு வரும் கோமாரி நோய் போகும். 1981-ல் பிரான்ஸ் கரையிலிருந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தின் வைட் தீவு வரை கோமாரி வைரஸ் காற்றிலேயே போயிருக்கிறது. பன்றிக் காய்ச்சல் போக வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். ரத்தத்தில், கறியில், செருப்பில், வண்டியில், ஊசியில். ஆப்பிரிக்காவில் ஒருவகை உண்ணியும் காட்டில் திரியும் பன்றி இனங்களும் அதைச் சுமக்கின்றன. நம் பண்ணைகளில் அதைச் சுமப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான்.

வியாபாரி வண்டி வந்து நிற்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பாருங்கள். மினி லாரி கொட்டகை வாசல் வரை ரிவர்ஸில் வரும். பின்கதவை இறக்கினால், காலையில் வேறு பண்ணையில் ஏற்றியபோது விழுந்த சாணமும் மூத்திரமும் வைக்கோலோடு கலந்து ஈரமாகக் கிடக்கும். இரண்டு பேர் அதை மிதித்துக்கொண்டு இறங்கி, அதே காலோடு அறைக்குள் போவார்கள். முரண்டு பிடிக்கும் பன்றிக்கு மேல்தாடையில் கயிறு மாட்டி இழுப்பார்கள். எடை போடும் கூண்டும் அவர்களுடையதுதான். கம்பியில் உரசி மூக்கிலோ காதிலோ ரத்தம் கசியும், கசிந்தது கம்பியிலேயே காயும். அப்புறம் அதே கூண்டு, அதே கயிறு, அடுத்த ஊர். நோயுள்ள பன்றியின் ரத்தத்தில் இந்த வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும். ஒரு துளி போதும்.

ஊசியும் அப்படித்தான். பிறந்த மூன்றாம் நாள் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி போடுகிறோம். ஓர் ஈற்றுக் குட்டிகள் அத்தனைக்கும் ஒரே ஊசிதான். பல இடங்களில் அடுத்த தாயின் குட்டிகளுக்கும் அதேதான். ஆண் குட்டிகளுக்கு விதை எடுக்கும் பிளேடும் இப்படியே கைமாறும். குளிர்காலத்தில் தீவனம் எடுக்காமல் சோர்ந்து நிற்கும் பன்றிகளுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மருந்தைத் தாங்களே வரிசையாகக் குத்திக்கொண்டு போகும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அன்று நின்றது பன்றிக் காய்ச்சல் கண்ட பன்றி என்றால், மருந்து என்று நினைத்து நோயைத்தான் ஏற்றியிருப்பார்கள்.

அடுத்தது பன்றிக்குப் போடும் ஓட்டல் மிச்சம். இதைப் பற்றி மேடையில் பேசுவோர் எல்லாரும் 'தடை செய்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஆபத்து உண்மைதான், மறுக்கவில்லை. 1957-ல் இந்த நோய் ஆப்பிரிக்காவை விட்டு முதன்முதலாக வெளியே வந்தது லிஸ்பன் விமான நிலையத்தின் அருகே, விமானத்தில் மிஞ்சிய சாப்பாட்டைத் தின்ற பன்றிகள் வழியாக. 2007-ல் ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் கப்பல் கழிவு வழியாக நுழைந்ததுதான் ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா என்று பரவி, 2018 ஆகஸ்டில் சீனாவின் ஷென்யாங் வரை போனது. அங்கிருந்து ஒன்பது மாதத்துக்குள் சீனாவின் எல்லா மாகாணங்களிலும் இருந்தது. 2001-ல் பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வைத்த கோமாரியும், மிச்ச உணவு போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணையில்தான் தொடங்கியது.

ஆனால் எங்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். பன்றி வளர்ப்பில் செலவில் ஏறக்குறைய முக்கால்வாசி தீவனம். மிச்ச சாப்பாட்டை நிறுத்தினால் சிறு வளர்ப்பாளர்களில் பாதிப் பேர் தொழிலை விட வேண்டியதுதான். விட முடியாதவர்கள் ராத்திரியில் டிரம்மை ஏற்றி வருவார்கள். அது இன்னும் மோசம், உங்கள் கண்ணுக்கே படாது. தடை போடுவதைவிடக் கொதிக்க வைக்க உதவுவது நல்லது. உலகக் கால்நடைச் சுகாதார அமைப்பு சொல்லும் அளவு 90 டிகிரியில் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே நடப்பது என்ன? இருநூறு லிட்டர் டிரம்மில் ஒரு கொதி வந்ததும் விறகை இழுத்துவிடுகிறார்கள். மேலே நுரை பொங்கும்போது அடியில் கட்டியாகக் கிடக்கும் சோறும் எலும்பும் கறியும் சூடே ஏறாமல் இருக்கும். விறகு விலை அப்படி. ஓட்டல் கழிவை எடுத்துச் செல்ல ஆள் தேடும் நகராட்சிகள், அதைக் கொடுக்கும் இடத்திலேயே ஒரு நீராவிக் கொப்பரை வைத்து, வெந்ததை மட்டும் எங்களுக்கு அளந்து கொடுக்கலாம். பச்சைப் பன்றிக்கறிக் கழிவு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அந்த டிரம்மில் விழக் கூடாது. இரண்டு துறைகள் உட்கார்ந்து பேசினால் நடக்கிற வேலை.

சரி, இதெல்லாம் நோய் வரும் வழி. வந்த பிறகு அது பெருகுவது பயத்தினால்.

இந்த நோய் ஒரு பண்ணைக்குள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சாய்ப்பதில்லை. உடம்பில் புகுந்து அறிகுறி தெரிய 4 முதல் 19 நாள் ஆகலாம். முதலில் ஒன்று தீவனத்தை விடும், காதும் வயிற்றுத் தோலும் சிவந்து நீலம் பாரிக்கும், சாகும். 'ஏதோ கெட்டதைத் தின்றிருக்கும்' என்போம். இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் படுத்திருந்தது. அதற்குள் நல்ல பன்றிபோலத் தெரியும் பலவற்றின் உடம்பில் வைரஸ் ஏறியிருக்கும். பண்ணைக்காரருக்குச் சந்தேகம் தட்டுவது இந்த இடத்தில்தான். தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் சொல்கிறது. சொன்னால் என்ன ஆகும்? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாற்பது பன்றி வைத்திருப்பவர் இரண்டு செத்ததும் தகவல் சொல்கிறார். மாதிரி போபால் உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய் முடிவு வருகிறது. அதற்குள் இன்னும் இருபது செத்துவிட்டன. மீதி பதினெட்டை அழிக்கிறார்கள், அவற்றுக்கு எடை பார்த்து நஷ்ட ஈடு உண்டு, மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி. முன்பே செத்த இருபத்திரண்டுக்கு ஒன்றும் கிடையாது, நோயால் செத்தவை என்பதால். சட்டத்தை மதித்து முதலில் சொன்னவர் பாதிக்கு மேல் இழக்கிறார். சொல்லாமல் அன்று ராத்திரியே வண்டியை வரச் சொன்னவர், பாதி விலைக்காவது முப்பத்தெட்டையும் காசாக்கிவிடுகிறார். அவரைத் திட்டுவதில் பலன் இல்லை. பிள்ளை படிப்பும் கூட்டுறவுக் கடனும் அந்தப் பன்றிகள் மேல்தான் நிற்கின்றன.

இப்படி அவசரமாக விற்றால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியா பெரிய சாட்சி. 1998-ல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நினைத்தார்கள். அதற்குள் அங்கிருந்த பன்றிகள் விற்கப்பட்டு தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின, நோயும் கூடவே போனது. அங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர்தான் பிறகு நிபா வைரஸுக்கு வந்தது. 1999 மார்ச்சில், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளை அறுத்த சிங்கப்பூர்க் கசாப்புக்கூடத் தொழிலாளிகள் 11 பேருக்குத் தொற்றியது, ஒருவர் இறந்தார். மலேசியாவில் நூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள், பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது, அதை நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இரண்டும் பயணம் செய்யும் வண்டி ஒன்றுதான்.

அதனால் தயவுசெய்து நஷ்ட ஈட்டு விதியை மாற்றச் சொல்லி மத்திய அரசிடம் கேளுங்கள். தகவல் சொன்ன நேரத்தில் பண்ணையில் உயிரோடு இருந்த ஒவ்வொரு பன்றிக்கும், அழித்தாலும் தானாகச் செத்தாலும், தொகை கிடைக்க வேண்டும். மாதிரி எடுத்த அன்றே தலைகளை எண்ணி, எடை போட்டு, ஒரு நகலை வளர்ப்பவர் கையில் கொடுத்தால் பின்னால் தகராறும் வராது. மத்திய அரசு தாமதித்தால் செத்தவற்றுக்கான பங்கை மாநிலமே ஏற்கலாம். ஒரு பண்ணையோடு நோய் நின்றால் மிச்சமாகும் பணத்தை நினைத்தால் இது சின்னத் தொகை.

இன்னொன்று, முடிவு வரும் வேகம். வேறொரு வைரஸால் வரும் பழைய பன்றிக் காய்ச்சலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு, இதற்கு நம் பண்ணைகளில் போட எதுவும் இல்லை. 'தடுப்பூசி போட்டிருக்கிறேனே, எப்படிச் செத்தது?' என்ற குழப்பத்திலேயே நாட்கள் போய்விடுகின்றன. மாதவரத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருக்கிறது. முதல்கட்டச் சோதனையை அங்கே செய்து, அதை வைத்தே பண்ணைக்கு வெளியே பன்றி போவதை நிறுத்தலாம். போபாலின் உறுதிச் சான்று பிறகு வரட்டும்.

கண்ணில் படாமலே போகிறவர்களையும் மறக்காதீர்கள். ஊர்ப்புறத்தில் கருப்புப் பன்றிகளை அவிழ்த்துவிட்டு மேய்ப்பவர்களிடம் காப்பீடும் கிடையாது, பண்ணைப் பதிவும் கிடையாது. நகராட்சி ஆட்கள் அந்தப் பன்றிகளைப் பிடித்து லாரியில் ஏற்றி வேறெங்கோ கொண்டு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நோய்க்காலத்தில் அதைவிட ஆபத்தான காரியம் இல்லை. பதிவில்லாதவர்களுக்கும் நஷ்ட ஈடு உண்டு என்று சொன்னால்தான் அவர்களும் வாய் திறப்பார்கள்.

காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்ப்புப் பயிற்சி எடுத்த எத்தனையோ பேர் வாசலில் கால் நனைக்கும் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சாணத்தை முதலில் தேய்த்துக் கழுவாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தால் கேட்கிறவர்கள்தான் நாங்கள். வண்டிகளைக் கழுவச் சந்தையில் தண்ணீரும் பிரஷ்ஷும் பிளீச்சிங் கரைசலும் வைத்தால், வியாபாரிகளும் கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸுக்காக வண்டிகள் ராப்பகலாக ஓடும். அதற்கு முன்பாக ஒவ்வொரு கால்நடை மருந்தகச் சுவரிலும் ஓர் அறிவிப்பை ஒட்டச் செய்யுங்கள். எந்த எடைக்கு எவ்வளவு தொகை, எத்தனை நாளில் வங்கிக் கணக்கில் வரும், ராத்திரி பத்து மணிக்கு ஒரு பன்றி செத்தால் எந்த எண்ணில் யார் எடுப்பார் என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வெண்பன்றி வளர்ப்பாளர்
நாமக்கல் மாவட்டம்