எங்கள் 1964 லிங்கன் ஓடத் தொடங்கிவிட்டது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

வணக்கம். நாங்கள் பழுதுபார்த்துவந்த பழைய கார், 1964 லிங்கன் கான்டினென்டல் கன்வெர்ட்டிபிள், சாலையில் இறங்கிவிட்டது. படம் கேட்டவர்களுக்கெல்லாம் தனியாக அனுப்பிவிட்டேன், ஆனால் நன்றியைப் பொதுவில்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியில் யார் கை எங்கே பட்டிருக்கிறது என்பது என் வீட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். நான்கு கதவு, திறந்து மடங்கும் கூரை, பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் என்பதால் அவை எதிர்த்திசையில் திறக்கும். எல்வுட் எங்கல் வரைந்து 1961இல் வந்த வடிவம். 1964இல் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 123 அங்குலத்திலிருந்து 126 ஆக்கினார்கள். ஐந்தரை மீட்டர் நீளம், 2,400 கிலோவுக்கு மேல் எடை, ஏழு லிட்டர் வி8 இன்ஜின். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் கென்னடியின் கார் இதே குடும்பத்து 1961 மாடல்தான். டெட்ராய்ட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போய் அதைக் காட்டாமல் அனுப்புவதில்லை.

முதல் நன்றி விக்சம் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு. இந்த வண்டி அங்கேதான் பிறந்தது, ஆலையை 2007இல் மூடிவிட்டார்கள். அப்போதெல்லாம் ஒவ்வொரு லிங்கனையும் சுமார் 12 மைல் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள் என்று அவர் சொல்லும்போது குரலில் இன்றைக்கும் ஒரு பெருமை இருக்கிறது. இவர் இல்லையென்றால் எங்கள் கூரை திறந்திருக்காது. இதில் கூரை சும்மா பின்னால் சரிந்து மடிவதில்லை: முதலில் டிக்கி மூடியின் பூட்டுகளை மோட்டார் கழற்ற வேண்டும், பிறகு ஹைட்ராலிக் அழுத்தத்தில் மூடி பின்பக்கமாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், அப்புறம் முன்கண்ணாடிக்கு மேலே உள்ள பூட்டு விடுபட்டு, முழுக் கூரையும் எழுந்து மடிந்து டிக்கிக்குள் இறங்க, மூடி திரும்ப வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலையும் முடிந்தது என்று ஒரு குட்டி சுவிட்ச் சொன்னால்தான் அடுத்தது நடக்கும். எங்கள் வண்டியில் மூடி எழும்பும், அதோடு நின்றுவிடும். புது பம்ப் வாங்கிப் போடுங்கள் என்று சொன்னவர்கள் பலர். பெரியவர் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மேல் விரல் வைத்தபடி என்னை பட்டனை அழுத்தச் சொன்னார். ஒன்று துடித்தது, அடுத்தது துடிக்கவில்லை. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், டிக்கி ஓரத்து சுவிட்சின் உள்ளே பச்சைப் பூசணம் பிடித்தமாதிரி செம்பு அரித்துக் கிடந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து மாட்டினோம், அவ்வளவுதான், கூரை எழுந்தது. பம்ப் பழையதேதான் இன்னும் ஓடுகிறது. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

அடுத்து, டிங்கரிங் வேலையை எடுத்துச் செய்த அண்ணனுக்கு. இந்த வண்டிக்கு அடியில் தாங்கும் தனி ஃபிரேம் கிடையாது, உடம்பேதான் ஃபிரேம். மேலே நிலையான கூரையும் இல்லை, கூரைவரை போகும் நடுத்தூணும் இல்லை. ஆகவே துருப்பிடித்த தரையை அப்படியே வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு மூடவே மூடாது. கதவு வாசல்களில் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்துவிட்டுத்தான் அவர் கட்டரையே கையில் எடுத்தார். இப்போது முன்கதவும் பின்கதவும் சந்திக்கும் இடுக்கைப் பாருங்கள், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு.

பிரேக் விஷயத்தில் மாற்றம் செய்தோம், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 1964இல் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் ஒரே சுற்று, எங்காவது ஒரு குழாய் கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். இவ்வளவு எடையைப் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் ஓட்ட அது போதாது. 1965 மாடலுக்கு ஆலையே முன்சக்கர டிஸ்க் பிரேக் கொடுத்தது. அதே வழியில் டிஸ்க்கும், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் பொருத்தித் தந்த நண்பருக்கு என் மனைவி என்னைவிட அதிகமாக நன்றி சொல்கிறாள். ரேடியல் டயர், பின்சீட்டுக்குப் புது பெல்ட், எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஹோஸ்கள், இவையும் அவர் கைவேலைதான்.

"எதையும் மாற்றாதே, அசலாகவே விடு" என்று கடைசிவரை வாதாடியவருக்கும் மனதார நன்றி. பிரேக்கில் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, ஆனால் வைப்பரில் கேட்டேன். இந்த லிங்கன்களில் வைப்பரை ஓட்டுவது பவர் ஸ்டியரிங் ஆயிலின் அழுத்தம், மின்மோட்டார் இல்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரிக் போடத்தான் இருந்தேன். சீல்களை மட்டும் மாற்றினால் போதும் என்று தேடிப்பிடித்து அனுப்பியவர் நீங்கள். மழையில் அது சத்தமில்லாமல், எந்த வேகத்தில் வேண்டுமோ அந்த வேகத்தில் வழுக்கிப் போவதைப் பார்த்தால் நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. கழற்றிய டிரம்களையும் பழைய சிலிண்டரையும் சீட்டு எழுதி ஒட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், பிரேக்குக்காக உடம்பில் ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை.

சீட் தைத்துக் கொடுத்த அம்மாவுக்கும், ராத்திரி கிரைண்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், குளிர்காலம் முழுக்கத் தன் வண்டியைப் பனியில் நிறுத்திவிட்டு கராஜை விட்டுக்கொடுத்த மச்சானுக்கும் நன்றி.

ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான உட்வர்ட் டிரீம் குரூஸுக்கு வண்டியைக் கொண்டுவருகிறோம். முன்சீட் பெரியவருக்கு, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பின்சீட்டில் முறைவைத்து உட்காரலாம், வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூரையை மடித்துவிட்டால் டிக்கியில் அநேகமாக ஒன்றும் வைக்க முடியாது, அதனால் சாப்பாட்டுப் பெட்டிகளை மச்சான் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.