மோட்டார் ஸ்டார்ட் ஆகாதது குறித்து மகனுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகன் அந்தோணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் உன் அம்மாவும் அக்கா வீட்டாரும் நலம். அங்கே உவரியில் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆனியிலும் ஆடியிலும் கடல் அடித்ததால் கரையேற்றிப் போட்டிருந்த வள்ளத்தை இறக்கப் போனபோது மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றும், திசையன்விளையிலிருந்து வந்து பார்த்தவர், எரிபொருளையும் காற்றையும் கலந்து சிலிண்டருக்கு அனுப்பும் கார்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றும் போனில் சொன்னாய். கடற்கரைக் காற்று இரைச்சலில் நான் பதிலுக்குச் சொன்னதில் பாதி உன் காதில் விழுந்திருக்காது. ஆகவே எழுதுகிறேன். புதுக் கார்பரேட்டருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே. ஏற்றி வைத்த அன்று வரை நன்றாக ஓடிய மோட்டாரில், சும்மா கிடந்த காலத்தில் ஒரு கார்பரேட்டர் அழுக்கடையுமே தவிர, மாற்றும் அளவுக்குத் தேய்ந்துபோக வழியில்லை.

சிலிண்டருக்குள் எண்ணெய், அதாவது எரிபொருள், வரவில்லையா, பிளக்கில் பொறி விழக் கரண்ட் வரவில்லையா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அது தெரியாமல் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் தோள்பட்டைதான் வலிக்கும். அதற்கும் முன்னால், நிறுத்தும் சுவிட்சில் மாட்டும் சிவப்புக் கிளிப் அதன் இடத்தில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் நிற்கிறதா, டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடு. பிள்ளைகள் வள்ளத்தில் ஏறி விளையாடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். கிளிப் அவர்கள் கையில் போயிருந்தாலும் வியப்பதற்கில்லை.

டேங்கிலிருந்து மோட்டாருக்கு வரும் குழாயின் நடுவே உள்ள ரப்பர் பல்பை, அதன் மேல் உள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்குமாறு பிடித்து அமுக்கு. சில அமுக்கிலேயே கல் போல இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது என்று பொருள். மோட்டாரில் குழாயை மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பல்பு சப்பையாகி அப்படியே ஒட்டிக்கொண்டால் காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்குள் உறிஞ்சும் குழாயின் வலை அடைத்திருக்கிறது.

பல்பு இறுகிவிட்டால், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து நாலைந்து முறை கயிறு இழுத்த பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றிப் பார். முனை நனைந்து பெட்ரோல் வாடை வந்தால் எண்ணெய் வருகிறது, கரண்டைத் தேட வேண்டும். காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. நனைந்து சொட்டும் அளவுக்கு இருந்தால் மிதமிஞ்சி ஏறிவிட்டது. பிளக்குகளைத் துடைத்துக் காயவைத்து மாட்டி, சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்துவைத்து இழுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், உன் மோட்டாரில் கோளாறு எண்ணெய்ப் பக்கம்தான் என்பது என் எண்ணம். நம்முடையது மண்ணெண்ணெயில் ஓடுவது. பெட்ரோல் குளிர்ந்த சிலிண்டரிலும் ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். திரும்பும்போது அதே வழக்கத்தைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதைத்தான் இப்போது ஓட்டுகிற பையன்கள் மறந்துவிடுகிறார்கள். கரையை நெருங்குவதற்குச் சற்று முன்பே வால்வைப் பெட்ரோலுக்குத் திருப்பி, கார்பரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரும் வரை ஓடவிட்ட பிறகே நிறுத்த வேண்டும். ஆனியில் வள்ளத்தை ஏற்றிய அன்று கடல் கொந்தளிப்பாக இருந்தது. அந்த அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தியிருப்பீர்கள். நீ இப்போது எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் கிண்ணத்தில் நிற்பது அந்தப் பழைய மண்ணெண்ணெய்தான்.

ஆகையால் கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன், கிண்ணத்தின் அடியில் இருக்கும் சிறு திருகைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடி. பீடி, சிகரெட் பக்கத்தில் வரக்கூடாது. பாட்டிலைச் சற்று நேரம் அசையாமல் வைத்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார். அடியில் முத்து முத்தாய் உருண்டு, சாய்த்தால் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவது தண்ணீர். அடியில் தனியாக ஒரு மங்கல் படலம் கோடு கட்டி நின்றாலும் அதுவும் தண்ணீர் சேர்ந்ததுதான். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கின் உறிஞ்சு குழாய் நிற்பதும் அந்த அடியில்தான். உப்புக்காற்று அடிக்கும் கரையில் மாதக்கணக்கில் பாதி டேங்காகக் கிடந்த பெட்ரோலை நம்பாதே. அதை எடுத்துவிட்டு, புதுப் பெட்ரோலில் மோட்டாருடன் வந்த புத்தகம் சொல்லும் அளவுக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து ஊற்று. ஒன்றுக்கு ஐம்பது என்று இருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கண்மதிப்பில் ஊற்றாமல் அளந்தே ஊற்று.

அதற்கும் மசியவில்லை என்றால் கிண்ணத்தைக் கழற்றி, எண்ணெய் பாயும் சிறு துளையுள்ள பித்தளை ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடி. துளை வழியே வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். எண்ணெய் காய்ந்து பிசின் படிந்திருந்தால் கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊது. ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதே. துளை பெரிதாகிவிட்டால் அப்போது உண்மையிலேயே புது ஜெட் வாங்க வேண்டி வரும்.

கரண்ட் பக்கம் என்று தெரிந்தால், பிளக்கை வயரில் மாட்டி, பிளக் துளைக்கு எட்டத்தில் மோட்டாரின் உலோகத்தோடு அணைத்துவைத்துக் கயிறு இழுக்கச் சொல். சிந்திய பெட்ரோலை முன்கூட்டியே துடைத்துவிடு. பட்டப்பகலில் பொறி தெரியாது, லுங்கியால் நிழல் கட்டிப் பார். நீலமாகச் சடசடவென்று விழுந்தால் நல்லது. இரண்டு பிளக்கிலும் ஒருசேரப் பொறி இல்லையென்றால் பிளக்கைக் குறை சொல்லாதே. இரண்டும் ஒரே நாளில் சாகாது. நிறுத்தும் சுவிட்சு உப்பேறி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதன் வயரை மோட்டார் பக்கத்தில் கழற்றிவிட்டு மீண்டும் பார். பொறி வந்தால் கோளாறு சுவிட்சில்தான். ஆனால் வயரைக் கழற்றிய நிலையில் கடலுக்குப் போகாதே, நிறுத்த வழியிருக்காது.

கிளம்பிய பிறகு, குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கத் துளை வழியே பீய்ச்சுகிறதா என்று பார். தண்ணீரில் இறக்காமல் கரையில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் ரப்பர் விசிறி உடனே கருகிவிடும். ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அதில் இறக்கிவைத்து ஓட்டு.

கடலில் நின்றுபோனால் மோட்டார் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடு. இடிந்தகரைப் பக்கம் பாறை கிடக்கிறது, நீரோட்டம் உனக்காகக் காத்திருக்காது. கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை வள்ளத்தின் உட்புறம் பெயிண்டால் எழுதி வை.

கிண்ணத்தில் என்ன வந்தது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். பழைய பிளக்கின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணையும் சொல். வண்ணார்பேட்டைக் கடையில் நான்கு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிற உன் அத்தான் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா