வெறும் ‘டிங்’ போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிரே இருப்பதைப் பார்வையற்றவர்களுக்கு வாய்விட்டுச் சொல்லும் கண்ணாடிகள், கைப்பேசிச் செயலிகள் பற்றி இப்போது அடிக்கடி செய்திகள் வருகின்றன. வரட்டும், நல்லதுதான். ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று இடிக்கிறது. காட்சியைச் சொற்களாக்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு அவற்றில் தெரிகிறது. சொல்லே இல்லாத ஒலியாலும் உருவத்தை, உயரத்தை, திசையைச் சொல்ல முடியும். அதை நாம் கண்டுகொள்வதே இல்லை.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 1913 வாக்கில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபூர்னியே டால்ப் ‘ஆப்டோஃபோன்’ என்றொரு கருவி செய்தார். வெளிச்சம் பட்டால் செலினியம் என்ற தனிமத்தில் மின்னோட்டம் மாறும். அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு, அச்செழுத்தின் வளைவு நெளிவுகளை ஸ்வரங்களாக மாற்றினார். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண்மணி அதில் பழகிப் பழகி, நிமிடத்துக்கு 60 சொற்கள் வரை வாசித்தார். சாதாரணப் புத்தகம், சாதாரண அச்சு. கணினி என்ற பேச்சே இல்லாத காலம் அது.

பிறகு 1992இல் நெதர்லாந்துப் பொறியாளர் பீட்டர் மையர் ‘தி வாய்ஸ்’ என்ற முறையை வெளியிட்டார். கேமரா பிடிக்கும் படத்தை 64க்கு 64 புள்ளிகளாக்கி, இடமிருந்து வலமாக ஏறக்குறைய ஒரு விநாடியில் துழாவும். மேலே இருப்பது மேல் ஸ்தாயியில் ஒலிக்கும், கீழே இருப்பது கீழ் ஸ்தாயியில். வெளிச்சம் கூடினால் சத்தம் கூடும், இருட்டு மௌனம். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நிற்கும் வெள்ளைத் தூண் ஒவ்வொன்றும் எல்லா ஸ்தாயிகளும் ஒன்றாகச் சேர்ந்த ‘ஷ்’ என்ற சிறு வெடிப்பாகக் கேட்கும். மின்படிக்கட்டின் பளபளப்பான கைப்பிடி, கீழிருந்து மேலே வழுக்கிப் போகும் ஒரே இழுப்பாகக் கேட்கும். முதலில் கேட்பவருக்கு வெறும் இரைச்சல்தான். மாதக்கணக்கில் பழகியவர்களுக்கு அதில் கதவும் ஜன்னலும் தெரிகின்றன.

என் தாய்மாமா கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். அந்த அளவுக்கெல்லாம் அவர் போகவில்லை. ஆனால் கைப்பேசியில் பங்கு விலைக் கோட்டை ஒலியாகக் கேட்கும் வசதியைப் பிடித்துக்கொண்டார். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஐஃபோனின் திரைவாசிப்பானில் அது இருக்கிறது, பலருக்குத் தெரியாது. விலை ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். வங்கிப் பங்கு ஒன்றின் பத்தாண்டுக் கோட்டை ஓடவிட்டு, நடுவில் ஒலி சடாரென்று சரிந்ததும், “இந்தா, இங்கனதாண்டா கொரோனா வந்துச்சு” என்றார். நான் திரையைப் பார்த்தேன். 2020 மார்ச், சரியாக அதே இடம். ‘2020இல் விலை சரிந்து பிறகு மீண்டது’ என்று ஒரு குரல் வாசித்திருந்தால் செய்தி கிடைத்திருக்கும். எவ்வளவு செங்குத்தாக விழுந்தது, எப்படித் தத்தித் தத்தி ஏறியது என்பது அந்த வாக்கியத்தில் ஏது?

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணத்தைப் பார்க்க இங்கே எத்தனை பேர் விசேஷக் கண்ணாடியோடு கூடினோம்! மாமாவுக்கு அது மற்றவர்களின் ‘ஆகா’ மட்டும்தான். அதற்கு முன்பே, 2017இல் அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்துக்காக, ஹார்வர்டில் ‘லைட்சவுண்ட்’ என்ற சிறு கருவியை உருவாக்கியிருந்தார்கள். வெயில் குறையக் குறைய அதன் ஒலியும் இறங்கிக்கொண்டே வரும். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் வாண்டா டியாஸ் மெர்செத், பார்வையிழந்த பிறகும் விண்மீன் தரவுகளைக் காதால் ஆராய்ந்து வரும் வானியலாளர். அடுத்த கிரகணத்துக்கு நம் பள்ளிகளோ அறிவியல் மன்றங்களோ இப்படி ஒன்றைச் செய்து பார்க்கலாம். மாணவர்கள் கையாலேயே செய்யக்கூடிய எளிய மின்சுற்றுதான்.

ஒரு கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பார்வையற்றவரின் காது ஏற்கெனவே முழுநேர வேலை பார்க்கிறது. கோல் தட்டும் ஒலி, சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி, பின்னால் சத்தமில்லாமல் வரும் மின்சைக்கிள், எல்லாவற்றையும் அதுதான் கவனிக்கிறது. அதில் செவிப்பொறியை மாட்டி அடைத்துவிட்டால் உதவி உபத்திரவமாகிவிடும். அதனால்தான் எலும்பு வழி ஒலி கடத்தும், காதை மூடாத செவிப்பொறிகளைப் பலர் விரும்புகிறார்கள். ஊரில் இருக்கிற சத்தத்தோடு இன்னும் கொஞ்சம் சத்தம் சேர்ப்பதை நான் கேட்கவில்லை. இருக்கிற சத்தம் ஏதாவது சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மாமாவை அழைத்துச் செல்லும் மருந்தகம் ஒன்றில் வரிசை எண் மாறும்போது ‘டிங்’ என்று ஒலிக்கும். அவ்வளவுதான். எண் திரையில் இருக்கிறது. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “எத்தனாவது நம்பர் ஓடுது?” என்று கேட்க வேண்டும். அவரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கைப்பேசியில் மூழ்கியிருந்தால் தீர்ந்தது கதை. எண்ணைக் குரலில் அறிவிப்பதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. உணவு நிலையங்களில் பெருகிவரும் தொடுதிரைகளும் அப்படித்தான். விரல் பட்டால் ஒலி வருகிறது, கோழிச் சோற்றைத் தொட்டோமா குழம்பு மீ நூடுல்ஸைத் தொட்டோமா என்று அந்த ஒலி சொல்வதில்லை.

சாலை கடக்குமிடங்களில் நடப்பவர்களுக்கான ‘பச்சை மனிதன்’ விளக்கு எரிவதை ஒலியால் அறிவிப்பது நம் ஊரின் நல்ல ஏற்பாடு. அக்கம்பக்கத்து வீட்டார் தூக்கம் கருதி, பல இடங்களில் இரவில் அதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, வாகனத்துக்கோ இரவு பகல் கிடையாது. மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதல் நேரம் நிற்கும் வசதி 2009 முதல் இருக்கிறது. அதே தட்டலில் ஒலியும் எழும்படி செய்தால் யார் தூக்கமும் கெடாது. இந்த முறை சோதனை அளவில் தொடங்கத்தான் செய்தது; தீவு முழுதும் அதை எப்போது எதிர்பார்க்கலாம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் சொன்னால் நன்றாக இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒரே நேரத்தில் மூன்று பேருந்துகள் வந்து நிற்கும்போது எது எந்த எண் என்று தெரியாமல் தவிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 139ஆம் எண் சேவையில் செயலி வழி அறிவிக்கும் முறையைச் சோதித்தது நினைவிருக்கிறது. மற்ற சேவைகளுக்கும் அது வர வேண்டும்.

கடைசியாக, உங்களிடமே ஒரு விண்ணப்பம். உங்கள் இணையப் பக்கத்தில் வீட்டு விலை, டெங்கிச் சம்பவங்கள், மழையளவு என்று வரைபடங்கள் போடுகிறீர்கள். அவை படமாக மட்டும் இருந்தால் திரைவாசிப்பான் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அதே எண்களைக் கீழே ஓர் அட்டவணையாகவும் கொடுங்கள். எண்கள் கையில் இருந்தால் அவற்றை ஒலிக்கோடாக மாற்றித்தர மென்பொருள்கள் உண்டு. வரும் டெங்கிக் காலத்துக்குள் செய்ய முடியுமா என்று மாமா கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்