அடையாள அட்டையில் 'இல்லை' என்று அச்சிட்டுத் தந்தவர்களுக்கு

மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். பெங்களூரில் நீங்கள் நடத்திய மாநாட்டில் பேசிவிட்டு வந்து, பேச்சாளர்களின் பயணச் செலவைப் பற்றிக் கேட்டிருந்தேன். போன வாரம் நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. பயணச் செலவு முதன்மைப் பேச்சாளர்களுக்கு மட்டும்தான், மற்றவர்களின் செலவை வழக்கமாக அவரவர் நிறுவனமே ஏற்றுக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். மரியாதையான பதில்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் நிறுவனம் எது என்பது உங்களுக்குத் தெரியாததா? நீங்களே அச்சடித்து என் கழுத்தில் மாட்டிவிட்டீர்களே.

உங்கள் பதிவுப் படிவத்தில் 'நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. நான் சம்பளத்துக்கு வேலை பார்ப்பது மதுரையில் ஒரு சின்ன அலுவலகம். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். அதற்கும் நான் பேச வந்த நிரலுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. அதனால் 'இல்லை' என்று தட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வரவேற்பில் அட்டையை வாங்கிப் பார்த்தால், என் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'இல்லை'. இரண்டு நாளும் அதைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். எதிரே வருகிறவரின் கண் முதலில் பெயருக்கு வரும், அப்புறம் இரண்டாவது வரிக்கு இறங்கும், அப்புறம் என் தோளுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்க்கப் போய்விடும். ஒரு பெண்மணி மட்டும் நின்று, "எது இல்லை?" என்று கேட்டுச் சிரித்தார். இரண்டு நாளில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்வி அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்துவைத்த ஓப்பன் சோர்ஸ் நிரலைச் சம்பளமில்லாமல் பராமரிக்கிற ஒருவரைப் பேசக் கூப்பிட்டால், அவருடைய ரயில் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நீங்களே போட்டுக் கொடுங்கள். முதலில் செலவு செய், பில் அனுப்பு, பிறகு பார்க்கலாம் என்பது வேண்டாம். முன்கூட்டியே வேண்டும்.

நான் வந்தது தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸில், ஸ்லீப்பர், ஆர்.ஏ.சி. பக்கவாட்டுக் கீழ் இருக்கையில் நானும் ஒரு பெரியவரும் எதிரெதிரே காலை மடக்கி உட்கார்ந்துகொண்டோம். மடியில் லேப்டாப்பை வைத்து ஸ்லைடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் தாண்டியதும் அவர், "ஏன் தம்பி, ஆபீஸ் வேலையாத்தானே போறீங்க, ஏசி போட்டுத் தர மாட்டாங்களா?" என்றார். ஆபீஸ் வேலை இல்லை ஐயா என்றேன். "அப்ப சொந்த வேலையா?" அதுவும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். ரயில், மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ், நீங்கள் மாநாடு நடத்திய ஓட்டலுக்குப் போய்வந்த ஆட்டோ எல்லாம் சேர்த்து 4,180 ரூபாய். வெள்ளி, சனி இரண்டு நாள் சம்பளப் பிடித்தம் தனி.

பணம் பெரிதில்லை என்று சொல்வதுதான் நாகரிகம், தெரியும். ஆனால் சனிக்கிழமை மதியம் நடந்ததையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

என் நிரல் செய்யும் வேலை சின்னது. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக வரலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒரு மாதிரி சேமித்த 'கொத்தமல்லி'யை இன்னொரு மாதிரி தட்டித் தேடினால் கிடைக்காது. இப்படிப்பட்டவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் நான் ஒன்பது வருடமாகப் பராமரிக்கும் நிரல்.

பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். உங்கள் ஸ்பான்சர்களில் ஒரு நிறுவனத்தின் இளைஞர், அவர்களுடைய ஸ்டால் டீ-ஷர்ட்டோடு ஓடி வந்தார். நெஞ்சில் பெரிதாக ஒரு இதயம், கீழே 'ஓப்பன் சோர்ஸ்'. "அண்ணா, மூணு வாரமா இஷ்யூ போட்டு வெச்சிருக்கோம், பதிலே இல்ல. ஒரே ஒரு வரி மாத்தினாப் போதும்ணா." புகார் இதுதான்: அவர்களுடைய மளிகை ஆப்பில் சௌசௌ தேடினால் வரவில்லை. நிறையப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பைப் போட்டுப் பக்கத்தில் ள தட்டுகிறார்கள். பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். அதையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடு என்பதுதான் அந்த ஒரு வரி.

மாற்றலாம். மாற்றினால் அதே ஆப்பில் 'வெளக்கெண்ணெய்' என்று தட்டுகிறவருக்கு எதுவும் வராது. அங்கே ள உண்மையிலேயே ள. எதை மாற்றுவது, எதை விடுவது என்று சொல்லைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால்தான் அந்த மூன்று வாரம். அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், குழந்தை தூங்கிய பிறகு. இதை அந்தத் தம்பிக்குப் புரியவைத்து, அவர் கொண்டுவந்த சொற்பட்டியலை வைத்துச் சோதித்துப் பார்க்க ஒரு மேசை தேடினோம். மேசைகள் ஸ்டால்களுக்கு. அரங்கத்துக்கு வெளியே, கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அதன் கீழே தரையில் உட்கார்ந்து இரண்டு மணி வரை பார்த்தோம். எழுந்து போனபோது சாப்பாட்டைக் கட்டிவைத்துவிட்டார்கள். கூப்பனில் 1:45 வரை என்று போட்டிருந்தது, என் தவறுதான். அந்தத் தம்பி நல்ல பையன். அவருடைய ஸ்டாலில் இருந்து எனக்கு ஒரு பாக்கெட் பிஸ்கெட்டும் ஒரு டீ-ஷர்ட்டும் எடுத்து வந்து கொடுத்தார்.

ஸ்டால் போட அந்த நிறுவனம் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வந்ததற்கு ஒரு காரணம் நாங்கள் வருவது. நாங்கள் வந்த செலவு எங்களோடது. இதில் யார் யாருக்கு ஸ்பான்சர்?

முதல் நாள் தொடக்க உரையில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்ற ஓப்பன் சோர்ஸ் நிரலின் கதையைச் சொன்னார்கள். 2024 மார்ச்சில், எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவில் இருக்கும் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் சந்தேகப்பட்டுத் தோண்டி, அந்த நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுக் கள்ளக்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த நிரலைப் பல வருடம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பராமரித்த லாசே காலின் 2022-லேயே, தனக்கு நீண்டநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்று பகிரங்கமாக எழுதியிருந்தார். அவர் களைத்துப்போயிருந்த நேரம் பார்த்துத்தான் அந்தக் கள்ள ஆள் 'உதவி' செய்ய வந்தார். இந்தப் பாதி ஸ்லைடில் இல்லை. அடுத்த ஸ்லைடு ஹார்வர்ட் ஆய்வு: ஓப்பன் சோர்ஸ் இல்லாமல் போனால் நிறுவனங்கள் அதை ஈடுகட்டச் செலவழிக்க வேண்டியது 8.8 லட்சம் கோடி டாலர். மறுபடி கைதட்டல். ஐயா, அதில் எனக்கு ஒரு ஸ்லீப்பர் டிக்கெட் தேறாதா? ஆர்.ஏ.சி. என்றாலும் பரவாயில்லை.

மன்னிக்கவும், கிண்டல் செய்ய இதை எழுத உட்காரவில்லை.

எங்களுடையது லாப நோக்கமில்லாத, சமூகமே சமூகத்துக்காக நடத்தும் மாநாடு என்றும் உங்கள் பதிலில் இருந்தது. பிரஸ்ஸல்ஸில் ஒவ்வொரு ஆண்டும் ஃபோஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் மாநாடு நடக்கிறது. பல்கலைக்கழக வகுப்பறைகளில்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவுகூட வேண்டாம், கதவு திறந்திருக்கும். அங்கே ஒருவர் கைக்காசு போட்டுப் போய்ப் பேசினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பைதான் நிரல்மொழிக்காரர்கள் அமெரிக்காவில் நடத்தும் பைகான் மாநாட்டில் பேச்சாளர்கூட டிக்கெட் வாங்க வேண்டும் என்பார்கள், ஆனால் வசதியில்லாதவருக்குப் பயண உதவியும் கொடுப்பார்கள். நீங்கள் நுழைவுக்கு 6,000 ரூபாய் வாங்குகிறீர்கள், நட்சத்திர ஓட்டலில் நடத்துகிறீர்கள், மேடைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத் திரை வைக்கிறீர்கள். செய்யுங்கள், தப்பில்லை. அந்தத் திரை வாடகையில் எத்தனை ரயில் டிக்கெட் என்று உங்கள் பொருளாளர் ஒருமுறை வகுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அடுத்த ஆண்டுக்கான பேச்சுகளுக்கு விரைவில் அழைப்பு விடுவீர்கள். அதற்கு முன் தயவுசெய்து இதை முடிவு செய்யுங்கள்: சம்பளமில்லாப் பராமரிப்பாளர்களுக்குப் போகவர டிக்கெட், இரண்டு இரவு தங்க அறை, முன்கூட்டியே. முதன்மைப் பேச்சாளரா, அரைமணி நேரப் பேச்சாளரா என்று பார்க்க வேண்டாம். என்னுடைய 4,180 ரூபாயைத் திருப்பிக் கேட்டு இதை எழுதவில்லை, அதை விட்டுவிடுங்கள். நாகர்கோவிலில் இருந்தோ, ராஞ்சியில் இருந்தோ அடுத்த முறை ஒரு பெண் தன் நிரலைப் பற்றிப் பேச வந்தால், அவள் வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

கூடவே, முடிந்தால், அந்தப் படிவத்தில் 'நிறுவனம்' கட்டத்தைக் கட்டாயமில்லாமல் ஆக்கிவிடுங்கள். அதுதான் நிஜமாகவே ஒரு வரி மாற்றம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மதுரையில் இருந்து ஒரு பேச்சாளர்
(நிறுவனம்: இல்லை)

பி.கு.: சௌசௌ சரியாகிவிட்டது, வெளக்கெண்ணெயும் பத்திரம். ஞாயிறு விடியற்காலை ஊர் திரும்பும் ரயிலில், டவர் கிடைத்த இடத்தில் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். ஸ்டாலில் இருந்த அந்தத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள், அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.